கடைமடையில் யார் யூசர்?

இன்னைக்கு எபிசோடுல கொஞ்சம் சொந்தக் கதை, கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் நம்ம தொழில். டிசைன் துறையில இருக்கிறவங்க இதைக் கேட்டுட்டு என்கூட சண்டைக்கு வரலாம். வாங்க, பேசுவோம்.

2023 ஜூன். அப்ப நான் வேலை பார்த்த ஒரு சின்ன கம்பெனியில விவசாயிகளுக்கு ஒரு ஆப் செஞ்சுக்கிட்டு இருந்தோம். கால்வாயில தண்ணி வேணும்னா, மடை அடைச்சிருந்தா, ஷட்டர் பழுதுன்னா, போன்ல ஒரு பட்டனை அமுக்கினா போதும். எல்லாம் ஒரே இடத்துல சேர்ந்து, வரிசைப்பட்டு, அதிகாரிக்கு அறிக்கையாப் போகும். யூசர் ரிசர்ச் எல்லாம் முறையா பண்ணோம். ஊர் ஊரா போய் உக்காந்து பேட்டி எடுத்தோம், எந்த எழுத்து அளவுல போட்டா வயசானவங்களுக்குத் தெரியுதுன்னு பார்த்தோம், வெயில்ல ஸ்கிரீன் தெரியுதான்னு வரப்புல நின்னு சோதிச்சோம். பட்டன் நிறத்துக்கே மூணு நாள் விவாதம் நடந்துச்சு. சத்தியமா சொல்றேன், நான் செஞ்ச வேலையிலேயே ஒழுங்கா செஞ்ச வேலைன்னு அதைத்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

எங்க மாமாவுக்கு, அதாவது அம்மாவோட தம்பிக்கு, ஸ்ரீவைகுண்டம் வடகாலோட கடைசிப் பகுதியில கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் வாழையும் உண்டு. அந்தக் கால்வாய் போய் முடியிறது தூத்துக்குடி பக்கத்துல கோரம்பள்ளம் குளத்துல. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி மாமா ஊர். தமிழ்ல அதுக்கு ஒரு வார்த்தை இருக்கு: கடைமடை.

மாமாகிட்ட போனைக் கொடுத்தேன். கைய நல்லா நீட்டிப் பிடிச்சு, ஒவ்வொரு பக்கமா தள்ளிப் பார்த்தாரு.

“நல்லாத்தான் இருக்கு மருமவனே. எனக்கு மேல இருக்கவனுக்கும் இந்தப் பட்டன் உண்டா?”

“உண்டு மாமா. எல்லாருக்கும் ஒண்ணுதான்.”

“பொறவு எனக்கு எதுக்கு? அவனும் அமுக்குவான், நானும் அமுக்குவேன். தண்ணி அவன் மடையத் தாண்டித்தான வரணும்?”

நான் போனை வாங்கிப் பையில வச்சுக்கிட்டேன். இந்த எபிசோடு அந்தக் கேள்வியில இருந்து வந்ததுதான்.

முதல்ல, யூசரை மையமா வச்ச டிசைன் அழகா வேலை செஞ்ச ஒரு கதையச் சொல்லிடுறேன். இல்லைன்னா நான் ஏதோ அதுக்கு எதிரின்னு நினைச்சுக்குவீங்க. திருநெல்வேலி ஜங்ஷனுக்கும் கொக்கிரகுளத்துக்கும் நடுவுல தாமிரபரணி மேல ஒரு பாலம் இருக்கு. சுலோச்சன முதலியார் பாலம். நெல்லைக்காரங்க தினமும் தாண்டிப் போறது, ஆனா அந்தப் பேர் ஏன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. 1840-களுக்கு முன்னாடி நெல்லையில இருந்து பாளையங்கோட்டைக்குப் போகணும்னா படகுதான். வெள்ளம் வந்தா அதுவும் இல்லை. படகுத்துறையில நெரிசல், தள்ளுமுள்ளு, அடிதடி. அப்ப கலெக்டர் இ.பி. தாம்சன். பாலத்துக்குத் திட்டம் போட்டாங்க. செலவு சுமார் 50,000 ரூபாய். அந்தக் காலத்து 50,000. கலெக்டர் ஆபீஸ்ல சிரஸ்தாரா வேலை பார்த்த சுலோச்சன முதலியார் அந்தப் பணத்தைச் சொந்தமா கொடுத்தாருன்னு வரலாறு. வீட்டு நகையெல்லாம் சேர்த்துக் கொடுத்தாருன்னு ஊர்ல சொல்லுவாங்க. 11 வளைவுகளோட 1843-ல பாலம் திறந்தாங்க. 1869 வெள்ளத்துல சில வளைவு போயிடுச்சு, திரும்பக் கட்டினாங்க. அகலப்படுத்தினாங்க. இன்னைக்கும் பஸ் போகுது.

இதுல யாரும் யூசர் பேட்டி எடுக்கல. எடுக்க வேண்டிய அவசியமும் இல்லை. படகுத்துறையில பத்து நிமிஷம் நின்னா போதும், என்ன பிரச்சினைன்னு தெரிஞ்சிடும். அதோட முக்கியமான ஒண்ணு: நான் பாலத்தைத் தாண்டினதால உங்களுக்குப் பாலம் குறைஞ்சு போறதில்லை. என் பயணம் உங்க பயணத்தைத் தின்னாது. பாலத்துக்கு ரெண்டு முனை உண்டு, ஆனா ‘கடைமடை’ கிடையாது. இந்த மாதிரி பிரச்சினைக்கு, மனுஷன் எங்க தடுமாறுறான்னு பார்த்து அந்தத் தடையை எடுக்கிறதுதான் சரியான வழி.

‘யூசர் சென்டர்டு’ங்கிற சொல்லை நம்ம தொழில்ல பரப்பினவரு டொனால்டு நார்மன். 1986-ல ஸ்டீபன் டிரேப்பரோட சேர்ந்து அந்தத் தலைப்புல ஒரு புத்தகம் தொகுத்தாரு. 1988-ல அன்றாடப் பொருட்களோட டிசைன் பத்தி அவர் எழுதின புத்தகம் இன்னும் பெரிசாப் போச்சு. இழுக்கணுமா தள்ளணுமான்னு குழப்புற கதவுக்கு உலகம் பூரா இன்னைக்கு ‘நார்மன் கதவு’ன்னு பேர். கதவுல நீ முட்டிக்கிட்டா தப்பு உன்னோடது இல்லை, கதவைச் செஞ்சவனோடது. எங்க தலைமுறை இன்ஜினியர்களுக்கு இது கிட்டத்தட்ட வேதம். வேடிக்கை என்னன்னா, அதே நார்மன் 2005-ல மனிதரை மையமா வச்ச டிசைன் கெடுதலா முடியலாம்னு ஒரு கட்டுரை எழுதினாரு. தனித்தனி ஆளோட விருப்பத்தையே துரத்தினா செய்யிற காரியத்தோட முழு வடிவம் கைநழுவிப் போயிடும்னு அவர் வாதம். இசைக்கருவியைப் பாருங்க, வாசிக்கக் கத்துக்க வருஷக்கணக்கா ஆகும், ஆனாலும் அதைச் சுலபமாக்குன்னு யாரும் கேக்கலை. மனுஷன்தான் கருவிக்குப் பழகிக்கிறான்.

நார்மனோட அந்தக் கட்டுரை கருவிகளைப் பத்தினது. எங்க மாமாவோட கேள்வி அதுக்கும் அந்தப் பக்கம் போகுது. ஒரு யூசருக்குக் கிடைக்கிறது இன்னொரு யூசர்கிட்ட இருந்து வர்றதா இருந்தா?

சரி, ஆத்துக்குள்ள இறங்குவோம். தாமிரபரணி பொதிகையில பிறந்து புன்னக்காயல்ல கடல்ல சேருது. நீளம் சுமார் 125 கிலோமீட்டர்தான். முழுக்கத் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடி முடியிற ஆறு. இந்தச் சின்ன தூரத்துக்குள்ள எட்டு அணைக்கட்டு. மேல இருந்து கீழ வரிசையா சொல்றேன்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். ‘நதியுண்ணி’ன்னு ஒரு அணைக்கட்டுக்குப் பேர் வச்சவன் கவிஞனா இருந்திருக்கணும். கன்னடியன் பேருக்குப் பின்னாடி ஒரு கதை இருக்கு, அதுக்குத் தனி எபிசோடு வேணும், இங்க வேண்டாம். முதல் ஏழும் இங்கிலீஷ்காரன் வர்றதுக்கு முன்னாடியே இருந்தது. எட்டாவது ஸ்ரீவைகுண்டம் மட்டும் அவங்க கட்டினது, 1870-களோட தொடக்கத்துல முடிஞ்சது. இந்த எட்டுல இருந்து 11 கால்வாய், சுமார் 86,000 ஏக்கர் பாசனம்.

அணைக்கட்டுன்னதும் பாபநாசம் அணை மாதிரி நினைக்காதீங்க. இது தண்ணியைத் தேக்கி வைக்கிறது இல்லை. ஆத்துக்குக் குறுக்க ஒரு தாழ்ந்த சுவர், அவ்வளவுதான். தண்ணி மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கால்வாய் வாய்க்குள்ள திருப்பிவிடும். மிச்சம் சுவர் மேல வழிஞ்சு கீழ போயிடும். வெள்ளம் வந்தாலும் அதே மேலதான். இங்கிலீஷ்ல ‘அனிகட்’னு சொல்றாங்கல்ல, அது நம்ம அணைக்கட்டுதான், அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

இந்த ஏற்பாட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், மேல இருக்கிறவன் வயல்ல இருந்து வடியிற தண்ணி வீணாகாது. வடிகால் வழியா திரும்ப ஆத்துக்கு வரும், அடுத்த அணைக்கட்டு அதைப் பிடிச்சுக்கும். கால்வாய் போய்ச் சேர்ற குளங்களும் அப்படித்தான், ஒண்ணு நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சா அடுத்ததுக்குப் போகும். ஒருத்தனோட கழிவு இன்னொருத்தனோட வரவு. அதனால இங்க தனியா ஒரு ‘யூசர்’னு பிரிச்சு எடுக்கவே முடியாது. சுத்தமல்லியில ஒருத்தனுக்கு என்ன வசதி செஞ்சாலும் அது மருதூர்ல இருக்கிறவனை எப்படியாவது தொடும்.

நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? பேட்டி எடுத்த ஒவ்வொருத்தரையும் ஒரு ‘பெர்சோனா’வா எழுதினோம். வயசு, நிலம், போன் மாடல், எதுல கஷ்டம், என்ன ஆசை. சுவத்துல அழகா ஒட்டி வச்சோம். அவங்க ஒருத்தருக்கொருத்தர் தலைமடை, கடைமடைங்கிறது அந்தச் சுவத்துல எங்கேயும் இல்லை. ஆத்தோட வரைபடமே ஆபீஸ்ல இல்லை.

இன்னொரு கேள்வியும் இருக்கு. பழைய காலத்துல இந்தக் கால்வாய்க்கு யூசர் ரிசர்ச் பண்ணியிருந்தா யாரைக் கேட்டிருப்பாங்க? மிராசுதாரரை. தாமிரபரணிக் கரை நன்செய் நிலம் பெரும்பாலும் பிராமணர், வெள்ளாளர் கையில இருந்துச்சு. சேத்துல இறங்கி நட்டது, அறுத்தது, வாய்க்கால் வெட்டினது நிலமில்லாத ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க. திருநெல்வேலிச் சீமையோட விவசாய வரலாற்றை டேவிட் லட்டன் 1985-ல புத்தகமா எழுதியிருக்காரு. நன்செய்ப் பகுதி, புன்செய்ப் பகுதி, ரெண்டும் கலந்த பகுதின்னு பிரிச்சு, தண்ணி எப்படி அதிகாரமாச்சுன்னு காட்டுவாரு. நேரம் கிடைச்சாப் படிங்க. தண்ணியைக் கையால தொட்டவன் ஒருத்தன், தண்ணியோட ‘யூசர்’ வேற ஒருத்தன். ஸ்ரீவைகுண்டம் கட்டின காலத்துல இதுக்கு மேல இன்னொரு அடுக்கும் வந்துச்சு. புன்செய் நன்செய்யானா வரி கூடும். போட்ட பணத்துக்கு எவ்வளவு வரும்படின்னு கணக்குப் பார்த்துத்தான் சர்க்கார் பாசன வேலையில கை வச்சது. யூசர் விவசாயி, கஸ்டமர் கஜானா. நம்ம ஸ்டார்ட்அப் உலகத்துல ஆப் ஃப்ரீயா கிடைக்குதுன்னா என்ன அர்த்தம்னு சொல்லுவாங்கல்ல, அதே கணக்கு.

இப்ப குடிமராமத்து. பேர் கேட்டிருப்பீங்க, 2017-ல தமிழ்நாடு அரசு இதே பேர்ல ஒரு திட்டம் கொண்டுவந்துச்சு. பழைய வழக்கம் என்னன்னா, வருஷத்துக்கு ஒரு தடவை ஊரே சேர்ந்து வாய்க்கால் தூர்வாரணும், கரையைக் கட்டணும். நிலத்துக்கு ஏத்த மாதிரி ஆள் அனுப்பணும். அந்த வழக்கம் தளர்ந்து போகுதுன்னு 1858-ல சென்னை மாகாணத்துல ஒரு சட்டமே போட்டாங்க. அந்தச் சட்டத்தோட பேர்லயே ‘கட்டாய வேலை’ன்னு இருக்கு. அதனால ஊரே ஒத்துமையா பாட்டுப்பாடி வேலை செஞ்ச பொற்காலம்னு நான் கதை விடமாட்டேன். நிலக்காரர் சார்பா மண்வெட்டி பிடிச்சது யாருன்னு மேல சொல்லிட்டேன்.

ஆனா அதுக்குள்ள ஒரு நுட்பம் இருந்துச்சு. அதை எனக்குப் புரியவச்சது எலினார் ஆஸ்ட்ரம். 2009-ல பொருளாதார நோபல் வாங்கினவங்க, அந்தப் பரிசை வாங்கின முதல் பெண். நேபாளத்துல பாசன வாய்க்கால்களை அவங்களும் கூட இருந்தவங்களும் ஆராய்ஞ்சாங்க. ஒரு பக்கம் விவசாயிகளே மண்ணும் கல்லும் போட்டுக் கட்டின தடுப்புகள். வருஷா வருஷம் வெள்ளம் வந்து அடிச்சுட்டுப் போகும், திரும்பக் கட்டணும். இன்னொரு பக்கம் அரசு கட்டின நிரந்தர கான்கிரீட் வேலை. எதுல கடைமடைக்குத் தண்ணி நல்லாப் போகும்? நானும் கான்கிரீட்னுதான் நினைச்சேன். பெரும்பாலும் மண்ணும் கல்லும்தான் ஜெயிச்சது. காரணம் ரொம்ப எளிசு. தடுப்பு வருஷா வருஷம் உடைஞ்சா, அதைச் சரிபண்ண தலைமடைக்காரனுக்கு ஆள் வேணும். கடைமடைக்காரன் வரலைன்னா அவனுக்கும் தண்ணி இல்லை. அதனால கடைமடைக்காரன் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. கான்கிரீட் போட்டதும் தலைமடைக்காரனுக்கு யாரோட தயவும் தேவையில்லாமப் போச்சு.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. எங்க டிசைன் கூட்டத்துல நாங்க ஓயாம சொன்ன வார்த்தை ‘ஃப்ரிக்‌ஷன்’. விவசாயி வாய்க்கால் வரைக்கும் நடக்க வேண்டாம், நீர்பாய்ச்சியைத் தேடி அலைய வேண்டாம், கோயில் வாசல்ல கூட்டம் போட்டுக் கத்த வேண்டாம், எல்லா உராய்வையும் எடுத்துட்டோம்னு ஸ்லைடு போட்டுப் பெருமையா காட்டினேன். மாமாவுக்கு மேல இருக்கிறவன் முகத்தைப் பார்த்துப் பேச ஒரு இடம் இருந்ததுன்னா அது அந்தக் கூட்டம்தான். தலைமடைக்காரன் கூச்சப்படுற ஒரே இடமும் அதுதான். அதை எடுத்துட்டு நான் ஒரு பச்சை பட்டனைக் கொடுத்திருக்கேன்.

இது விவசாயிகளுக்குள்ள மட்டும் நடக்கிற கதையும் இல்லை. 1880-கள்ல பாபநாசத்து நீர்வீழ்ச்சியை நம்பி விக்கிரமசிங்கபுரத்துல ஹார்வி மில் வந்துச்சு. 1944-ல பாபநாசம் நீர்மின் திட்டம். 1958-ல மணிமுத்தாறு அணை. அப்புறம் நகரங்களோட குடிதண்ணி. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல இருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளுக்கு 2 கோடி காலன்னு ஒரு திட்டம். கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணி கொடுக்கலாமான்னு மதுரை உயர்நீதிமன்றக் கிளையில வழக்கு நடந்துச்சு. 2016 நவம்பர்ல இடைக்காலத் தடை, 2017 மார்ச்ல வழக்குத் தள்ளுபடி. இந்தப் பட்டியல்ல இருக்கிற எல்லாரும் நியாயமான யூசர்தான், எல்லாருக்கும் ஒரு பெர்சோனா எழுதலாம். யாருக்கு முதல்லங்கிறதை எந்தப் பேட்டியும் சொல்லாது. அது சட்டசபையிலயும் கோர்ட்லயும் கலெக்டர் ஆபீஸ் வாசல்லயும் முடிவாகுற விஷயம். டிசைனர் அங்க போய் ஸ்டிக்கி நோட் ஒட்ட முடியாது.

அப்புறம் டிசம்பர் வந்துச்சு. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல சுமார் 95 சென்டிமீட்டர் மழை. ஒரு வருஷத்து மழைக்கு மேல ஒரே நாள்ல. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல திருச்செந்தூர் ரயில் நின்னு போய் சுமார் 800 பேர் மாட்டிக்கிட்டாங்க, டிவியில பார்த்திருப்பீங்க. கோரம்பள்ளம் குளம் உடைஞ்சது. மாமாவோட வாழை முழுக்கப் போச்சு. ரெண்டு நாள் போன் கிடைக்கல. கிடைச்சப்ப முதல் வார்த்தை, “மருமவனே, தண்ணி வேணும்னு பட்டன் வச்சியே, வேண்டாம்னு ஒரு பட்டன் வச்சியா?” சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாரு. நான் சிரிக்கல.

ஜூன்ல நாங்க எடுத்த அத்தனை பேட்டியிலயும் ஒருத்தர்கூட வெள்ளத்தைப் பத்திப் பேசல. ஜூன்ல யார் பேசுவா? கார் சாகுபடிக்குத் தண்ணி வருமா வராதாங்கிறதுதான் அப்ப கவலை. மனுஷன்கிட்ட கேட்டா இன்னைக்கு எங்க வலிக்குதோ அதைச் சொல்லுவான். அது பொய்யில்லை, அவனோட ஜூன் மாசத்து உண்மை. ஆனா ஆத்துக்கு டிசம்பரும் உண்டு. பழைய அணைக்கட்டைக் கட்டினவன் அந்தச் சுவரைத் தாழ்வா வச்சது டிசம்பரை நினைச்சு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுல மண் மேடு தட்டிப் போய், அதைத் தூர்வாரச் சொல்லி 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போக வேண்டியிருந்தது. மண்ணுக்கு போன் கிடையாது, அது எங்க ஆப்ல புகார் போடாது.

அந்த ப்ராஜெக்ட் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. கம்பெனி அதைக் கைவிட்டுடுச்சு. காரணம் மேல சொன்ன எதுவும் இல்லை, காசு வரல, அவ்வளவுதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப மாமாகிட்ட நேராவே கேட்டேன், உங்களுக்கு என்னதான் வேணும்னு. அவர் அன்னைக்கு வந்த பேப்பரை எடுத்து மடிச்சுக் காட்டினாரு. நெல்லைப் பதிப்புல தினமும் வரும், பார்த்திருப்பீங்க: பாபநாசம் அணை இத்தனை அடி, சேர்வலாறு இத்தனை, மணிமுத்தாறு இத்தனை, வரத்து இவ்வளவு, வெளியேற்றம் இவ்வளவு. நாலு வரி. யாரோட விருப்பத்துக்காகவும் செதுக்காத நாலு வரி. தலைமடைக்காரனும் கடைமடைக்காரனும் ஆலைக்காரனும் அதே எண்ணைத்தான் பார்க்கணும்.

“இது அணையோட நிறுத்திப்புடுது. எந்த ஷட்டர் எத்தன அடி தொறந்திருக்குன்னு கால்வாய் கடைசி வரைக்கும் இதே மாதிரி போடுவியா? எல்லாருக்கும் தெரியுற மாதிரி போடணும். எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய?”

போடலாம் மாமா, ஆனா தினமும் போய் ஷட்டரைப் பார்த்து எழுதுறது யாருன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சாரு. “மேல இருக்கவன் ஷட்டரை நான் பாத்து எழுதுதேன், என் ஷட்டரை எனக்குக் கீழ இருக்கவன் எழுதட்டும்”னாரு.

ஒரு வார இறுதியில உக்காந்து அதுக்கு ஒரு சின்ன பக்கம் எழுதினேன். பட்டனே இல்லை, வெறும் அட்டவணை. மாமாவும் இன்னும் நாலு பேரும் போன கார் பருவத்துல நிரப்பிப் பார்த்தாங்க. ரெண்டாவது வாரமே ஒருத்தர் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு, அவர் ஷட்டரைத் தப்பா எழுதிட்டாங்கன்னு. மூணாவது வாரம் எல்லாருமா வாய்க்கால் கரையில போய் நின்னு அளந்து பார்த்திருக்காங்க. மாமா வீடியோ கால்ல காட்டினாரு: எட்டு பேர், ஒரு அளவுகோல், ஒரே சத்தம்.